மீசை வைத்த ரொட்டி

புந்தா அரேனாஸில் காற்று ஆளைத் தள்ளும்.
பிடித்து நடக்கத் தெருவோரம்
கயிறு கட்டுவார்கள்.
வயதானவர்கள், குடித்தவர்கள், நான்.

கடல் வரைபட அலுவலகத்தில்
பிழை பார்ப்பது என் வேலை.
ஆழம் பதினேழு
எழுபத்தொன்றென்று அச்சானால்
எங்கோ ஒரு கப்பல் தரை தட்டும்.
இருபத்திரண்டு வருடம்.
என்னால் ஒன்றும் தட்டவில்லை.
அந்தக் கண்ணை
மாலையில் கழற்றி
கோட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டத்தான்
எனக்குத் தெரியவில்லை.

வீட்டு மேசையின் இழுப்பறையில்
நாற்பத்தியொரு தாள்.
ஒவ்வொன்றிலும் ஒரு கோடு.
சிலதில் ஒன்றரை.
ஜன்னலில் தெரியும் நீரிணையின் தொடுவானம் அது.
ஒன்றில் இடப்பக்கம் முடியளவு இறங்கிவிட்டது.
அடுத்ததில் ஏறிவிட்டது.
அதற்கடுத்ததில் நேராக வந்தது;
நேராக வந்ததே பிடிக்கவில்லை.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள்.
கொஞ்சம் தெரிந்தவள் பாடு அதைவிட மோசம்:
கூடமும் கோணல், காலும் கோணல்,
கொட்டுகிறவன் கையும் கோணல்.

நல்ல தாள் வாங்கினேன்.
அதைவிட நல்ல தாள் வாங்கினேன்.
நிறமே தொடாத தூரிகைகளை
ஞாயிறுதோறும் கழுவிக் காயவைத்தேன்.

நவம்பரில் ஒரு வியாழன்.
கீழ்த்தள ரொட்டிக்கடை ரிகோபெர்த்தோ
மாவுக் கையோடு கதவைத் தட்டினான்.
"அடுப்பு செத்துப்போச்சு.
ரொட்டி மத்தியானம்தான்னு எழுதி மாட்டணும்.
உனக்குத்தான் கை ஓடுமே."
ஓடாது என்றேன்.
"நடந்தா போதும்" என்றான்.

முட்டைப் பெட்டியின் மூடி.
செத்த அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு.
வாசலில் ஆறு பேர் வரிசை.
காற்று அட்டையைப் பிடுங்கியது;
ஒரு முனையை அவன் அழுத்த,
மறுமுனையில் கம்பளிக்கடை ஓத்திலியா
ஏறக்குறைய உட்கார்ந்தே விட்டாள்.
எழுதினேன். எழுத்து கிழக்கே சாய்ந்தது.
மிச்ச இடத்தில் ஒரு ரொட்டி,
நடுவில் பிளந்த எங்களூர் மர்ராகெத்தா.
முழங்கையைக் காற்று இடித்தது.
ரொட்டிக்கு மூக்கு முளைத்தது.
விரலால் அழிக்கப் போனேன்,
கரி பரவி மீசையாயிற்று.

"கடற்சிங்கம்!" என்றாள் ஓத்திலியா.
வரிசை மொத்தமும் சிரித்தது.
அந்தச் சிரிப்பையும் துழாவினேன்
அலுவலகக் கண்ணால்,
ஏளனம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று.
இருந்தது. இரண்டு பேரிடம்.
மற்ற நால்வர்
ரொட்டி இல்லையென்று தெரிந்த பிறகும்
போகாமல் நின்றார்கள்.

மத்தியானம் நண்டுப் படகுக்காரன் ஒருவன் வந்து
"அந்த மீசை வச்ச ரொட்டி ரெண்டு" என்றானாம்.
ரிகோபெர்த்தோ மாடிப்படியிலிருந்தே கத்திச் சொன்னான்.

பத்து மணி வரை வெளிச்சம் போகாத மாதம்.
இழுப்பறையைத் திறந்தேன்.
நாற்பத்திரண்டாவது தாளை எடுக்கவில்லை.
முதல் தாளை எடுத்தேன்,
இடப்பக்கம் இறங்கிய அந்தத் தொடுவானம்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அது ஒரு முதுகு.
படுத்திருக்கும் எதனுடைய முதுகோ.
கீழே வயிறு போட்டேன். துடுப்புகள்.
ஒரு கண், தேவைக்கு மேல் பெரியது.
ஒன்றரைக் கோட்டுத் தாளில் இரண்டு படுத்தன,
ஒன்றின் மேல் ஒன்று, வெட்கமில்லாமல்.
இருட்டுவதற்குள் ஒன்பது தாள் கெடுத்தேன்.
கெடுத்தேன் என்று சொல்ல
நாக்கில் இனிக்கிறது.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு பிழை பிடித்தேன்.
பதினேழு, பதினேழாகவே இருக்கட்டும்.
கப்பல்கள் என்ன பாவம் செய்தன?

திரும்பும்போது கயிற்றை விட்டுவிட்டு
நாலடி நடந்து பார்த்தேன்.
மூன்றாவது அடியில்
தொப்பி போயிற்று.